சின்ன மோட்டாருக்கு எவ்வளவு பேட்டரி? நேவா நதிப் படகின் கணக்கு

போன கோடை விடுமுறையில் மகளும் நானும் தெர்மகோலில் ஒரு படகு செய்தோம். ரிச்சி தெருவுக்குப் போய் ஆறு வோல்ட் டிசி மோட்டார், பிளாஸ்டிக் விசிறி, சுவிட்ச் எல்லாம் வாங்கினேன். பேட்டரி விஷயத்தில் கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "ஒன்பது வோல்ட் போடுங்க சார், பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, நாற்பது கிராம் இருக்கும். படகில் எடை குறைவாக இருப்பது நல்லதுதானே.

கையில் பிடித்து ஓட்டியபோது மோட்டார் ஜோராகச் சுற்றியது. தண்ணீரில் விட்டதும் கதை மாறிவிட்டது. படகு ஏதோ யோசனையில் நகர்வதுபோல் நகர்ந்தது. சில நிமிடங்களில் நின்றும் போனது. பேட்டரியைத் தொட்டால் சூடு. "அப்பா, நீங்க இன்ஜினியர்தானே?" என்று மகள் கேட்டாள். கேள்வியில் குத்தல் இல்லை, உண்மையான சந்தேகம்தான் இருந்தது. அதனால்தான் உறைத்தது.

ராத்திரி புதுசாக இன்னொரு பேட்டரியைப் போட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். எதுவும் இணைக்காதபோது 9.2 வோல்ட். விசிறி தண்ணீருக்குள் சுற்றும்போது 2.8 வோல்ட், மின்னோட்டம் 0.4 ஆம்பியர். மீதி 6.4 வோல்ட் எங்கே போயிற்று? பேட்டரிக்குள்ளேயே. 6.4-ஐ 0.4-ஆல் வகுத்தால் 16 ஓம். அதுதான் அந்தப் பேட்டரியின் அகமின்தடை. மோட்டாருக்குப் போனது 1.1 வாட், பேட்டரி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளச் செலவழித்தது 2.6 வாட்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றாலும் பிஇ முதல் வருஷத்தில் சர்க்யூட் தியரி எல்லோருக்கும் உண்டு. அதில் மேக்ஸிமம் பவர் ட்ரான்ஸ்பர் தியரம் என்று ஒன்று வரும். வெளியே உள்ள தடையும் உள்ளே உள்ள தடையும் சமமாக இருந்தால் அதிகபட்சத் திறன் கிடைக்கும். பதினாறு மார்க் கேள்வி, நான் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தேற்றம் எதற்காகப் பிறந்தது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி தேடப் போனபோதுதான் தெரிந்தது, அதன் பின்னால் இருந்ததும் ஒரு படகுதான். ஒரு படகுக்கு எவ்வளவு பேட்டரி போடுவது என்ற கேள்விதான்.

அந்தப் படகு ஓடியது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் நேவா நதியில், 1838 செப்டம்பரில். கட்டியவர் மோரிட்ஸ் ஹெர்மன் யாக்கோபி. 1801-இல் பிரஷ்யாவின் போட்ஸ்டாமில் பிறந்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர். இவருடைய தம்பி கார்ல் குஸ்தாவ் யாக்கோப் யாக்கோபி பெரிய கணித மேதை. முதல் செமஸ்டர் கணக்கில் "ஜேக்கோபியன்" என்று வந்து நம்மைப் பாடாய்ப்படுத்துமே, அது இந்தத் தம்பியின் பெயர்தான். அண்ணன் பெயரை நாம் யாரும் கேள்விப்படுவதில்லை, அவருடைய தேற்றத்தையும் பெயர் இல்லாமலேதான் படிக்கிறோம்.

1834-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் யாக்கோபி தன் முதல் மோட்டாரைச் சுற்ற வைத்தார். பத்துப் பன்னிரண்டு பவுண்டு எடையை வினாடிக்கு ஓர் அடி வேகத்தில் தூக்கும். இன்றைய கணக்கில் சுமார் 15 வாட். அந்தக் காலத்துக்கு அது அதிசயம். விஷயத்தைப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். மறு வருஷம் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் (இன்றைய எஸ்டோனியாவின் டார்டு) கட்டடக் கலைப் பேராசிரியர் வேலை, அங்கிருந்து 1837-இல் தலைநகர் பீட்டர்ஸ்பர்க். கப்பல்களை மின்சாரத்தால் ஓட்டலாமா என்று பார்க்க ஜார் முதலாம் நிக்கலஸின் அரசு ஒரு குழு அமைத்தது. உலகைச் சுற்றி வந்த அட்மிரல் குரூசென்ஸ்டெர்ன் அதற்குத் தலைவர். உடன் வேலை செய்தவர் எமில் லென்ஸ். பள்ளியில் லென்ஸ் விதி படித்திருப்பீர்களே, அதே லென்ஸ்.

டைனமோ கிடையாது, மின்கம்பம் கிடையாது, சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியும் கிடையாது. ஈய-அமில பேட்டரியை பிளாண்டே கண்டுபிடிக்க இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. மின்சாரம் வேண்டுமானால் துத்தநாகத்தை அமிலத்தில் கரைக்க வேண்டும், அவ்வளவுதான் வழி. துத்தநாகம்தான் எரிபொருள்.

யாக்கோபியின் படகு கிட்டத்தட்ட 8 மீட்டர் நீளம், பக்கவாட்டில் துடுப்புச் சக்கரங்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். துத்தநாக–செம்புத் தட்டுகள் 320 ஜோடி, மொத்த எடை 200 கிலோ, படகின் இரண்டு பக்கச் சுவர்களையும் ஒட்டி அடுக்கியிருந்தார். மோட்டார் கொடுத்தது சுமார் 300 வாட். வேகம் மணிக்கு 2.5 கிலோமீட்டர். கரையில் நடந்து போகிறவர் படகைத் தாண்டிப் போயிருப்பார்.

300 வாட் என்பது இன்றைக்கு ஒரு சின்ன மிக்ஸியைவிடக் குறைவு. அதற்கு 200 கிலோ. ஒரு கிலோவுக்கு ஒன்றரை வாட். ஜோடிக்கு ஒரு வாட்டுகூடத் தேறவில்லை.

மறு வருஷம், 1839 ஆகஸ்டில், அதே நதியில் மறுபடி சோதனை. இம்முறை இரண்டு மாற்றங்கள். மோட்டாரைத் திருத்தியிருந்தார். அதைவிட முக்கியமாக, செம்புக்குப் பதில் பிளாட்டினம். அதே 1839-இல் வில்லியம் ராபர்ட் குரோவ் என்பவர் இங்கிலாந்தில் அறிவித்திருந்த புது மின்கலம் அது. நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகம், மண்குவளைக்குள் நைட்ரிக் அமிலம், அதில் பிளாட்டினத் தகடு. பழைய செம்பு மின்கலம் ஒன்றேகால் வோல்ட்டைத் தொடாது, குரோவ் மின்கலம் இரண்டு வோல்ட்டுக்குப் பக்கம். அகமின்தடையும் வெகு குறைவு. தொல்லை என்னவென்றால், ஓடும்போது பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்ஸைடு புகையைக் கக்கிக்கொண்டே இருக்கும். பயணிகளின் தொண்டை என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் ஆனது. இரண்டரையிலிருந்து நாலு, இதிலென்ன பெரிசு என்று தோன்றும். தண்ணீரில் ஓடும் படகுக்கு வேகம் கூடக் கூடத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறும். 4-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1.6, அதை மும்மடியாக்கினால் நாலுக்குக் கொஞ்சம் மேல். மோட்டாரின் திறன் மூன்று நான்கு மடங்காகி ஒரு கிலோவாட்டைத் தொட்டது என்று பதிவாகியிருப்பதோடு இது அழகாகப் பொருந்துகிறது. பழைய எண்களை இப்படி ஒன்றை வைத்து ஒன்றைச் சரிபார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. சில சமயம் பொருந்தாது, அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

இந்த அனுபவத்திலிருந்துதான் 1840-இல் யாக்கோபி கணக்குக்கு வருகிறார். மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் அதுவே ஒரு மின்னாக்கியாக மாறி, பேட்டரிக்கு எதிராக ஒரு வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. இன்று பேக் ஈஎம்எஃப் என்கிறோம். வேகம் கூடினால் எதிர் வோல்ட்டேஜும் கூடும், மின்னோட்டம் குறையும். பேட்டரியின் வோல்ட்டேஜ் E, எதிர் வோல்ட்டேஜ் e, சுற்றில் உள்ள மொத்தத் தடை R என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் (E−e)/R. மோட்டார் செய்யும் வேலை e(E−e)/R. e பூஜ்யமாக இருந்தால், அதாவது மோட்டார் சிக்கி நின்றுவிட்டால், வேலை பூஜ்யம். e-யும் E-யும் சமமானாலும் பூஜ்யம், ஏனென்றால் மின்னோட்டமே இல்லை. நடுவில், e என்பது E-யில் சரிபாதியாக இருக்கும்போது வேலை உச்சத்தில் இருக்கும். அந்த உச்சம் E²/4R.

இந்தச் சின்னச் சூத்திரத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மோட்டாரின் காந்த பலம் இல்லை, கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கையும் இல்லை. பெரிய மோட்டார் வைத்தால் பெரிய சக்தி வரும் என்ற நம்பிக்கையை அது அப்படியே உடைத்துவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. மோட்டாரின் தடையை ஒதுக்கிவிட்டு மின்கலங்களை மட்டும் பாருங்கள். நூறு மின்கலத்தைத் தொடராக இணைத்தால் வோல்ட்டேஜ் நூறு மடங்கு, தடையும் நூறு மடங்கு. உச்சத் திறன் நூறு மடங்கு. பக்க இணைப்பில் போட்டால் வோல்ட்டேஜ் அப்படியே, தடை நூறில் ஒரு பங்கு. அப்போதும் உச்சத் திறன் அதே நூறு மடங்கு. எப்படி அடுக்கினாலும் கிடைக்கும் திறன் மொத்தத்தில் எவ்வளவு மின்கலம் வைத்திருக்கிறாய் என்பதைப் பொறுத்ததுதான். தொடரா பக்கமா என்பது மோட்டாருக்கு ஏற்ற வோல்ட்டேஜைக் கொடுப்பதற்கு மட்டும். "ஒன்பது வோல்ட் போடுங்க" என்ற யோசனை எங்கே வழுக்குகிறது என்று இங்கே தெரிந்துவிடுகிறது. வோல்ட் என்பது பேட்டரியின் அளவே கிடையாது.

இதுவரை எல்லாம் சரி. அடுத்து நடந்ததுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

உச்சத்தில் e என்பது E-யில் பாதி. அப்படியென்றால் பேட்டரி தரும் ஆற்றலில் பாதி மோட்டார் வேலைக்கு, பாதி வீண் சூடு. யாக்கோபி சொன்னது, "அதிகபட்ச வேலை வேண்டுமென்றால் இந்த இடத்தில் ஓட்டு" என்பது. அதைப் பின்னால் வந்த பலர், "மின் மோட்டார் எதுவும் 50 சதவீதத்துக்கு மேல் பயன் தராது" என்று படித்துக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு. e-யை E-யில் 90 சதவீதமாக வைத்து ஓட்டினால் பயனுறுதிறன் 90 சதவீதம். விலை என்ன? சூத்திரத்தில் போட்டால் 0.9 பெருக்கல் 0.1, அதாவது 0.09. உச்சத்தில் அது 0.25. உச்சத் திறனில் 36 சதவீதம்தான் கிடைக்கும். அதே வேலையைச் செய்ய ஏறக்குறைய 2.8 மடங்கு மின்கலங்களைச் சுமக்க வேண்டும், ஆனால் மணிக்கு மணி கரையும் துத்தநாகம் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஒன்பதில் ஐந்து பங்கு. ஒரு பக்கம் எடை, மறுபக்கம் எரிபொருள். எதை மிச்சப்படுத்த வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எங்கள் தொழிலிலும் இதே வியாதி உண்டு. எதை வேகப்படுத்துகிறோம் என்று கேட்காமலே ஆப்டிமைஸ் செய்துகொண்டிருப்போம்.

அந்தக் குழப்பம் நாற்பது வருஷம் நீடித்தது. 1879-இல் மென்லோ பார்க்கில் எடிசனும் அவரிடம் வேலை பார்த்த கணிதக்காரர் பிரான்சிஸ் அப்டனும் உள்தடையை மிகவும் குறைத்து ஒரு டைனமோ செய்து, 90 சதவீதப் பயன் தருகிறது என்றார்கள். பாதிக்கு மேல் முடியவே முடியாது என்று நம்பியவர்கள் சிரித்தார்கள். 1884-இல் சில்வானஸ் தாம்ப்சன் டைனமோ பற்றி எழுதிய புத்தகத்தில், யாக்கோபி சொன்னது திறனின் உச்சத்தைப் பற்றித்தான், பயனுறுதிறன் வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. யாக்கோபி அதைப் பார்க்க இல்லை. 1874-இலேயே இறந்துவிட்டார்.

இதற்கு நடுவே இன்னொரு கணக்கு மின் மோட்டார்களின் கழுத்தில் கத்தி வைத்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் ஒரு பீர் ஆலை முதலாளியின் மகன், ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். ஆலையின் நீராவி எஞ்சினுக்குப் பதில் மின் மோட்டார் வைத்துவிடலாம் என்ற கனவோடு ஆரம்பித்தவர். பத்தொன்பது வயதில் முதல் கட்டுரை. மின்சாரம் நீராவியை ஒழித்துக்கட்டும் என்று அவரே நம்பினார். ஆனால் அளந்து பார்க்கும் புத்தி அவரை விடவில்லை. 1841-இல் அவர் போட்ட கணக்கு இது. குரோவ் மின்கலத்தில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்தால் 3,31,400 பவுண்டு எடையை ஓர் அடி தூக்கலாம். நல்ல கார்னிஷ் நீராவி எஞ்சினில் ஒரு பவுண்டு நிலக்கரியை எரித்தால் 15 லட்சம் பவுண்டை ஓர் அடி தூக்கலாம். நாலரை மடங்கு. அந்தத் துத்தநாகத்தை உருக்கி எடுப்பதற்கே நிலக்கரி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூல் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார். ஆனால் கம்பிகளில் வீணாகும் சூட்டை அளந்த அதே ஆராய்ச்சியில்தான் 1840-இல் மின்னோட்டத்தின் வெப்ப விதி கிடைத்தது, அங்கிருந்துதான் வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்ற பெரிய விஷயத்துக்குப் போனார். என் ஒன்பது வோல்ட் பேட்டரி சூடானதற்குக் காரணம் சொல்வதும் அந்த விதிதான்.

அமெரிக்காவில் சார்லஸ் கிராஃப்டன் பேஜ் கதை இதைவிடப் பரிதாபம். நாடாளுமன்றம் 20,000 டாலர் கொடுத்தது. 1851 ஏப்ரல் 29-ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து பிளேடன்ஸ்பர்க் வரை மின்சார ரயில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஒரு கட்டத்தில் மணிக்கு 19 மைல். ஆனால் தண்டவாளத்தின் குலுக்கலில் குரோவ் மின்கலங்களின் மண்குவளைகள் ஒவ்வொன்றாக உடைந்தன, அமிலங்கள் கலந்தன. மேசையில் வேலை செய்யும் பேட்டரி வண்டியில் வேலை செய்யாது என்ற பாடம் அவருக்கு இப்படிக் கிடைத்தது. (தெர்மகோல் படகில் தண்ணீர் புகுந்து செல் ஹோல்டர் துருப்பிடித்தது ஒரு சின்ன உதாரணம்.)

மோட்டாருக்கு விடிவுகாலம் வந்தது பேட்டரியைக் கழற்றி எறிந்த பிறகுதான். 1873-இல் வியன்னா கண்காட்சியில் ஒரு கிராம் டைனமோவிலிருந்து கம்பி இழுத்து இன்னொரு கிராம் இயந்திரத்தை மோட்டாராக ஓட்டிக் காட்டினார்கள். நிலக்கரி ஓரிடத்தில் எரியும், மோட்டார் வேறோர் இடத்தில் சுற்றும். தொழிற்சாலைக்கும் டிராமுக்கும் அது போதும். ஆனால் கம்பி இழுக்க முடியாத இடங்கள் இருக்கின்றனவே. தண்ணீர், ஆகாயம். அங்கெல்லாம் யாக்கோபியின் கேள்வி அப்படியே உயிரோடு இருந்தது.

பாரிஸில் குஸ்தாவ் ட்ரூவே என்ற கைதேர்ந்த கருவிக்காரர் 5 கிலோ எடையில் ஒரு மோட்டார் செய்தார். 1881-இல் முதலில் ஒரு மூன்று சக்கர சைக்கிளில், பிறகு மே மாதம் சேன் நதியில் ஒரு படகில். மோட்டாரைச் சுக்கானோடு சேர்த்துப் பின்னால் மாட்டினார், தூக்கிக் கழற்றிக்கொண்டு போகலாம். பைக்ரோமேட் பேட்டரி வெறும் 24 கிலோ. யாக்கோபியின் 200 கிலோவை நினைத்துப் பாருங்கள். வேகம் அதிகமில்லை, நீரோட்டத்தை எதிர்த்து வினாடிக்கு ஒரு மீட்டர். ஆனால் மூன்று பேர் உட்காரும் படகுக்கு அந்த அளவு போதும் என்று தீர்மானித்ததில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. முதலில் வேலை என்ன என்று கேட்டார், பிறகு மோட்டார், கடைசியில் பேட்டரி.

ஆகாயத்தில் நிலைமை இன்னும் கறார். தண்ணீரில் கூடுதல் எடை படகைக் கொஞ்சம் அமிழ்த்தும், அவ்வளவுதான். பலூனில் ஒவ்வொரு கிலோவுக்கும் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் கூடுதலாக வேண்டும், பலூன் பெரிதாகும், காற்றின் எதிர்ப்பு கூடும், மோட்டாரும் பெரிதாக வேண்டும், அதற்கு இன்னும் பேட்டரி. 1883 அக்டோபரில் டிஸ்ஸாண்டியே சகோதரர்கள் ஒன்றரைக் குதிரைத்திறன் சீமென்ஸ் மோட்டாரும் 24 பைக்ரோமேட் மின்கலங்களும் வைத்துப் பறந்தார்கள். காற்று லேசாக அடித்தாலே அதனோடு போக வேண்டிய நிலை. மறு வருஷம் ராணுவ அதிகாரிகள் ஷார்ல் ரெனாரும் ஆர்தர் கிரெப்ஸும் வேறு வழியில் யோசித்தார்கள். ரெனார் பல வருஷம் மோட்டாரை விட்டுவிட்டு பேட்டரியையே நோண்டினார். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்த, குறைந்த எடையில் அதிகத் திறன் தரும் மின்கலத்தை உருவாக்கினார். 435 கிலோ பேட்டரி, 8.5 குதிரைத்திறன் மோட்டார்.

1884 ஆகஸ்ட் 9. பாரிஸுக்கு வெளியே ஷாலே-மூதோனிலிருந்து "லா பிரான்ஸ்" கிளம்பியது. 50 மீட்டருக்கு மேல் நீளம். 23 நிமிடத்தில் சுமார் 8 கிலோமீட்டர் போய், திரும்பி, கிளம்பிய இடத்திலேயே இறங்கியது. ஆகாயத்தில் போன ஒன்று தன் விருப்பப்படி கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது மனித சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அது பெட்ரோலால் வரவில்லை, பேட்டரியால் வந்தது. இதை முதலில் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

8.5 குதிரைத்திறன் என்றால் சுமார் 6,300 வாட். 435-ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 14 வாட்டுக்கு மேல். யாக்கோபியின் ஒன்றரை வாட்டிலிருந்து 46 வருஷத்தில் பத்து மடங்கு. இன்றைக்கு பவர் டூல்களில் இருக்கும் 18650 லித்தியம் செல் ஒன்று 45 கிராம், 20 ஆம்பியர் வரை கொடுக்கும் ரகம் கிடைக்கிறது. கிலோவுக்கு 1,500 வாட். நேவா படகின் 300 வாட்டுக்கு உள்ளங்கையில் அடங்கும் ஐந்து செல் போதும். ஒரு மணி நேரம் ஓட வேண்டுமென்றால் ஐந்து போதாது. ஒரு செல்லில் இருப்பது சுமார் 9 வாட்-மணி, ஆகவே முப்பத்து நாலு வேண்டும். திறனுக்கு ஒரு கணக்கு, நேரத்துக்கு ஒரு கணக்கு. எது பெரிதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் யாக்கோபிக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். எடைதான் முதல் எதிரி, பயணம் அரை மணி நேரம்தான் என்றால், உச்சத் திறனுக்குப் பக்கத்தில் ஓட்டுவது முட்டாள்தனமே கிடையாது. பாதி ஆற்றல் சூடாகப் போகட்டும், கனம் குறைகிறதே. ஆகாயக் கப்பலுக்கு அவருடைய விதி நல்ல துணை. நாள் முழுக்க ஓட வேண்டிய படகுக்கு அதே விதி துத்தநாகத்தை விழுங்கும். விதியில் தப்பு இல்லை. என்ன வேலைக்கு என்று சேர்த்துப் படிக்கவில்லை.

என் ஒன்பது வோல்ட் பேட்டரி அந்த உச்சத்தில்கூட நிற்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. உச்சத்தில் மோட்டாருக்கு 4.6 வோல்ட் கிடைத்திருக்க வேண்டும், கிடைத்தது 2.8. மலை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் சறுக்கிக்கொண்டிருந்தது. ஆற்றலில் எழுபது சதவீதம் சூடு.

மறுநாள் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன செல் நான்கு, ஆல்கலைன் ரகம், தெருமுனைக் கடையிலேயே வாங்கினேன். நான்கும் தொடராக 6.3 வோல்ட். விசிறி தண்ணீரில் ஓடும்போது 5.6 வோல்ட், 0.9 ஆம்பியர். அகமின்தடை ஒரு ஓம்கூட இல்லை. மோட்டாருக்கு 5 வாட், வீணானது 0.6 வாட். வோல்ட் குறைவான பேட்டரி நாலரை மடங்கு திறன் கொடுத்தது. எடை மட்டும் 95 கிராம்.

அந்த எடைதான் அடுத்த பிரச்சனை. நான்கு செல்லையும் ஒரே ஹோல்டரில் போட்டு பின்னால் வைத்ததும் படகின் மூக்கு தூக்கிக்கொண்டது, விசிறி ஆழத்துக்குப் போய்விட்டது. முன்னால் நகர்த்தினால் விசிறி தண்ணீருக்கு வெளியே வந்தது. நான் பேப்பரில் ஈர்ப்பு மையம் கணக்குப் போட ஆரம்பித்தேன். மகள் அதற்குள் ஹோல்டரை ஓரமாக வைத்துவிட்டு இரண்டிரண்டு செல்லாகப் பிரித்து, படகின் இரண்டு பக்கச் சுவர்களையும் ஒட்டி செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். யாக்கோபி நேவாவில் வைத்த மாதிரியே. அவளிடம் நான் யாக்கோபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"ஒயர் மட்டும் நீங்க பார்த்துக்கோங்கப்பா" என்றாள்.